அத்தான் சொன்ன சுரங்கப் பங்கு: இன்னும் பணம் போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் வெருலம் ஊரில் இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 54. தனியார் மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை, மாதச் சம்பளம் 25,000 ராண்ட். அம்மா காலமான பிறகு சாட்ஸ்வொர்த் வீட்டை விற்றதில் இவர் பங்காக வந்த தொகையில் 1,20,000 ராண்டை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஜோஹானஸ்பர்க் பங்குச்சந்தையில் உள்ள ஒரு சிறிய தங்கச் சுரங்க நிறுவனத்தில் போட்டார். புரட்டாசி விரதத்துக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தபோது அத்தான் சொன்ன யோசனை அது. சராசரியாக 80 சென்ட் விலையில் 1,50,000 பங்குகள். ஒரு வருடத்துக்குள் விலை 2 ராண்ட் 10 சென்ட் வரை ஏறியது. "ஐந்து ராண்டைத் தொடாமல் விற்காதே" என்றார் அத்தான். இன்று விலை 9 சென்ட்.

இப்போது நிறுவனம் உரிமைப் பங்கு வெளியிடுகிறது. கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு புதிய பங்குகளை 6 சென்ட் விலையில் வாங்கிக்கொள்ளலாம். இவருக்கு அதற்கு 18,000 ராண்ட் வேண்டும். ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியில் இருந்து எடுத்துப் போடலாமா என்பது முதல் கேள்வி. போடாவிட்டால் பழைய பங்குகளும் போய்விடுமா, அத்தான் மீது புகார் செய்யலாமா, வெளிநாட்டில் இருந்து ஒருவர் போன் செய்து பங்குக்கு 40 சென்ட் தருகிறேன் என்கிறாரே, நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறார். கணவருக்கு இதில் எதுவும் தெரியாது. இந்த வெளியீடு பற்றிப் பங்குதாரர்களுக்கு நிறுவனம் அனுப்பிய விவர அறிக்கையில் (சர்குலர்) இருந்து சில பக்கங்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். ஓய்வூதியப் பணத்தைத் தொடாதீர்கள். போன் செய்பவருக்கு ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். புதிய பங்குகளை வாங்க வேண்டாம். ஆனால் அந்த உரிமையைச் சும்மா காலாவதியாக விடவும் வேண்டாம். அதற்கும் ஒரு விலை உண்டு.

சுரங்கப் பங்கு வாங்கியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நாட்டின் பங்குச்சந்தையே தங்கத்தால் பிறந்தது. விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886ல் தங்கம் கிடைத்தது, 1887ல் சந்தை தொடங்கிவிட்டது. அடுத்த சரிவுக்கும் அதிக நாள் ஆகவில்லை. 1889ல் சுரங்கங்கள் கொஞ்சம் ஆழம் போனதும் பைரைட் கலந்த பாறை வந்தது. பாதரசத்தை வைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் பழைய முறை அதில் எடுபடவில்லை. பங்கு விலைகள் நொறுங்கின. 1890ல் சயனைடு முறை வந்து தொழிலைக் காப்பாற்றியது. அப்புறம் உலகிலேயே பெரிய தங்க வயல் என்று பெயர் வாங்கிய மண் அது. அப்படிப்பட்ட மண்ணிலேயே, ஆரம்பத்தில் பணம் போட்ட பலருக்கு ஒன்றும் திரும்பவில்லை. பூமியில் தங்கம் இருப்பது வேறு, பங்கு வைத்திருப்பவர் கைக்குப் பணம் வருவது வேறு. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் பல இடங்களில் ஒன்றாகிவிட்டன.

"சராசரி இறங்கும்" என்ற கணக்கு

புதிய பங்கு வாங்கினால் சராசரி 80 சென்டில் இருந்து 31 சென்டுக்கு இறங்கிவிடும், அப்போது 31 சென்ட் வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டல் கழித்தல் சரிதான். 1,38,000 ராண்டை 4,50,000 பங்குகளால் வகுத்தால் ஏறக்குறைய 31 சென்ட். ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒரு எண் சர்குலரின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை என்பது.

நீங்கள் வாங்கியபோது 20 கோடி பங்குகள். நடுவில் இரண்டு முறை புதிய பங்கு வெளியிட்டு 60 கோடி ஆக்கிவிட்டார்கள். இந்த வெளியீடு முடிந்தால் 180 கோடி. இப்போது இப்படிப் பாருங்கள். 80 சென்ட் விலையில் அந்த முழு நிறுவனத்துக்கும் சந்தை கொடுத்த மதிப்பு 16 கோடி ராண்ட். விலை 2 ராண்ட் 10 சென்டில் இருந்த உச்ச நாளில் 42 கோடி. நாளைக்கு 180 கோடி பங்குகள் இருக்கும்போது விலை 31 சென்ட் வர வேண்டுமானால், நிறுவனத்தின் மதிப்பு 55 கோடி ராண்டைத் தாண்ட வேண்டும். அதாவது எல்லோரும் ஆசையோடு வாங்கிக் குவித்த அந்த உச்ச நாளைவிடவும் அதிகம். நீங்கள் வாங்கிய நாளின் 16 கோடி மதிப்புக்கே நிறுவனம் திரும்பினாலும், ஒரு பங்கின் விலை சுமார் 9 சென்ட்தான் இருக்கும்.

இதை இரண்டு முறை படியுங்கள். பழைய விலை ஒருநாள் திரும்பி வரும் என்று நீங்கள் ஐந்து ஆண்டுகளாகக் காத்திருக்கிறீர்கள். அந்த விலை வருவதற்கு நிறுவனம் பழைய நிலைக்குத் திரும்பினால் மட்டும் போதாது. உற்பத்தி இல்லாத சுரங்க நிறுவனத்துக்கு வருமானம் கிடையாது. துளை போட, ஆய்வு செய்ய, சம்பளம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் பங்கு வெளியிட்டுத்தான் பணம் திரட்ட வேண்டும். இது நிறுவனத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது, இந்தத் தொழில் இயங்கும் விதமே அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய பங்குதாரரின் பங்கு கரைகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. உலகின் மூன்றாவது பெரிய பிளாட்டினம் உற்பத்தியாளராக இருந்த லோன்மின், 2015 இறுதியில் ஒரு பங்குக்கு 46 புதிய பங்குகள் என்று, தலா ஒரு பென்னி விலையில் வெளியிட்டது. அதில் சேராதவர்களின் பங்கு பழையதில் ஐம்பதில் ஒரு பாகம் அளவுக்குச் சுருங்கியது. 2019ல் அந்த நிறுவனத்தையே சிபான்யே-ஸ்டில்வாட்டர் வாங்கிக்கொண்டது.

சேரவில்லை என்றால் என்ன ஆகும்?

உங்கள் பழைய 1,50,000 பங்குகளை யாரும் பறிக்க முடியாது, அவை உங்கள் கணக்கிலேயே இருக்கும். நிறுவனத்தில் உங்கள் பாகம் மூன்றில் ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். விலையும் இறங்கும். 9 சென்ட் மதிப்புள்ள ஒரு பங்கோடு 6 சென்ட் பங்குகள் இரண்டு சேர்கின்றன; மொத்தம் 21 சென்ட், மூன்றால் வகுத்தால் 7. எனவே வெளியீட்டுக்குப் பிறகு விலை 7 சென்டை ஒட்டி நிற்கும் என்பது கணக்குப்படியான எதிர்பார்ப்பு.

6 சென்டுக்கு வாங்கும் உரிமை, 7 சென்ட் மதிப்புள்ள பொருளுக்கு. அப்படியானால் அந்த உரிமைக்கே ஒரு சென்ட் மதிப்பு இருக்கிறது. உங்களுக்கு 3,00,000 உரிமைகள், காகிதத்தில் 3,000 ராண்ட். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இந்த உரிமையை விற்கலாம், மாற்றிக் கொடுக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் புரோக்கர் கணக்கில் பழைய பங்குக்குக் கீழே தனி வரியாக, கொஞ்சம் மாறிய குறியீட்டோடு அது தெரியும். இதை ஒதுக்கீட்டுக் கடிதம் என்பார்கள்; கடிதம் என்று சொன்னாலும் தபாலில் எதுவும் வராது. சில நாட்கள் மட்டுமே சந்தையில் விற்க முடியும். விற்பதற்கான கடைசி நாள், பணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். புரோக்கர் வைக்கும் கெடு அதற்கும் முன்னால் இருக்கலாம். சிறிய நிறுவனத்தின் உரிமைக்கு வாங்குபவர் குறைவு என்பதால் 3,000 முழுதாகக் கிடைக்காமல் போகலாம். 1,500 கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தவறினால் மதிப்பு பூஜ்யம்.

வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லையா என்று கேட்டால், சில நிறுவனங்களில் இருக்கும். இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் சேர்வதாக எழுதிக் கொடுத்திருந்தால், சுரங்க உரிமம் கையில் இருந்தால், திரட்டும் பணம் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனால், யோசிக்கலாம். உங்கள் சர்குலரில் "பணம் எதற்கு" என்ற பகுதியைப் பார்த்தேன். திரட்டப்போவது 7.2 கோடி ராண்ட். அதில் 4.1 கோடி, ஒரு இயக்குநரோடு தொடர்புள்ள கம்பெனியிடம் வாங்கிய கடனை அடைக்க. 90 லட்சம் தலைமை அலுவலகச் செலவு. மண்ணுக்குள் போகிற பணம் 2.2 கோடி மட்டும். இயக்குநர்கள் புதிதாகப் பங்கு வாங்குவதாக ஒரு வரியும் இல்லை. யாரும் எடுக்காத பங்குகளை அதே கடன் கொடுத்த கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று இருக்கிறது. இதில் சட்டவிரோதம் எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை, எல்லாவற்றையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் 18,000 ராண்டில் பாதிக்கு மேல் ஒருவருடைய பழைய கடனை அடைக்கத்தான் போகும்.

அந்தக் கம்பெனியின் கையில் நிறையப் பங்குகள் சேரலாம் என்பதால், இங்கே உங்களுக்கு ஒரு உரிமை உண்டு. ஒருவர் கையில் 35 சதவீத வாக்குரிமை சேர்ந்தால், மற்ற பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும் என்கிறது 2008ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். சில வெளியீடுகளில் அந்தக் கடமையில் இருந்து விலக்கு கேட்டுப் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் வைப்பார்கள். அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் எதிர்த்து வாக்களியுங்கள். புரோக்கர் வழியாகவே வாக்கைப் பதிவு செய்யலாம்.

ஓய்வூதியப் பணம்

ஓய்வூதிய நிதியில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியைத் தனியாகப் பிரிக்கும் இரண்டு பானை முறை 2024 செப்டம்பரில் வந்ததில் இருந்து இந்தக் கேள்வியோடு பலர் எழுதுகிறார்கள். சேமிப்புப் பகுதியில் இருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்ட். அதை உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். நீங்கள் 26 சதவீத வரம்பில் வருகிறீர்கள். கையில் 18,000 வர வேண்டுமானால் சுமார் 24,300 எடுக்க வேண்டும். 6,300 வரிக்குப் போகும். நிதியின் கட்டணம் தனி. வரித்துறைக்குப் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் இதிலேயே பிடித்துக்கொள்வார்கள். இதே பணத்தை ஓய்வு பெறும்போது எடுத்தால், மொத்தமாக எடுக்கும் தொகையில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. வரியில்லாமல் கிடைக்கக்கூடிய பணத்தை, இன்று வரி கட்டி எடுத்து, 7 சென்ட் பங்கில் போடப் போகிறீர்கள். 54 வயதில் இதைச் செய்யக்கூடாது.

"20 லட்சம் அவுன்ஸ் இருக்கிறதே"

நிறுவனத்திடம் 20 லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கிறது, தங்கம் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது, இரண்டையும் பெருக்கினால் பங்கு விலை 9 சென்ட் என்பது அநியாயம் என்கிறீர்கள். அத்தானின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கணக்குதான் ஓடுகிறது என்று தெரிகிறது.

முதல் விஷயம், அந்தத் தங்கம் நிறுவனத்துக்குச் சொந்தம் இல்லை. நாட்டின் கனிமங்கள் மக்கள் அனைவருக்கும் பொது, அரசு அதன் காவலர் என்பது 2004ல் நடைமுறைக்கு வந்த சட்டம். நிறுவனம் வைத்திருப்பது தேடிப் பார்க்கும் உரிமம். அது அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஒரே ஒரு முறை, மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம். தோண்டி எடுக்கச் சுரங்க உரிமம் தனியாக வாங்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதற்கு விண்ணப்பித்திருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, அந்த 20 லட்சத்தில் பெரும்பகுதி "இன்ஃபெர்டு" வகை என்று அவர்களே அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். கனிம அளவை மதிப்பிட்டு அறிவிப்பதற்கான தென்னாப்பிரிக்க விதிகளான சாம்ரெக்கின்படி இதுதான் நம்பகம் மிகக் குறைந்த வகை. தள்ளித் தள்ளிப் போட்ட சில துளைகளை வைத்து, இடையிலும் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. லாபமாக எடுக்க முடியும் என்று ஆய்வு செய்து காட்டிய பிறகுதான் அதை இருப்பு என்று சொல்லலாம். உங்கள் நிறுவனத்தின் இருப்பு இன்று பூஜ்யம். பாறையில் டன்னுக்கு 4 கிராம் தங்கம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 8 டன் பாறையை உடைத்து, மேலே தூக்கி, அரைக்க வேண்டும். கூலி, மின்சாரம், தண்ணீர் இறைப்பது, கடைசியில் நிலத்தைச் சீர்படுத்த ஒதுக்கும் தொகை, எல்லாம் போக மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. தங்கம் விலை ஏறினால் உற்பத்தி செய்கிற சுரங்கத்துக்கு உடனே லாபம் ஏறும். உங்கள் நிறுவனத்துக்கு இப்போதைக்குப் பணம் திரட்டுவது சற்று எளிதாகும், அவ்வளவே.

சந்தையில் பட்டியலிட்டிருப்பதால் அரசு பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியல்ல. தகவலை ஒழுங்காக வெளியிடுகிறார்களா என்பதைத்தான் சந்தை கவனிக்கிறது. விலை இறங்கினால் ஈடு கொடுக்க யாரும் இல்லை.

கையில் உள்ள பங்குகளை என்ன செய்வது?

"விற்காதவரை நட்டம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நட்டம் ஏற்கனவே நடந்துவிட்டது, சகோதரி. உங்களிடம் இருப்பது 13,500 ராண்ட் மதிப்புள்ள ஒரு சொத்து. அதை வைத்திருக்கலாமா என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இன்று உங்கள் கையில் 13,500 ராண்ட் பணமாக இருந்தால், இந்தப் பங்கை வாங்குவீர்களா? வாங்க மாட்டேன் என்றால் விற்பதுதான் சரி. மனம் கேட்கவில்லை என்றால் பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. வைத்திருப்பது முழுக்கப் போனாலும் சமாளிக்கக்கூடிய தொகையாக இருக்கட்டும். சிறிய நிறுவனம் திவாலானால் கடன் கொடுத்தவர்கள், தொழிலாளர்கள் எல்லோருக்கும் பிறகு கடைசி வரிசையில் நிற்பவர் சாதாரணப் பங்குதாரர்.

விற்றால் வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் இது மூலதன நட்டம். சம்பளத்தில் கழிக்க முடியாது; பின்னால் யூனிட் டிரஸ்ட் போன்ற எதையாவது லாபத்தில் விற்றால் அந்த லாபத்தில் கழிக்கலாம். மூலதன லாப நட்டத்தில் ஆண்டுதோறும் கணக்கில் சேர்க்காமல் விடும் விலக்கு அளவை முதலில் நட்டத்தில் இருந்தே கழித்துவிடுவார்கள், மீதி வருடா வருடம் தொடரும். வருமான வரிப் படிவத்தில் மறக்காமல் காட்டுங்கள். மகன் பெயருக்கு மாற்றி நட்டக் கணக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நெருங்கிய உறவுக்குள் விற்ற நட்டத்தைப் பொதுவான லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். விற்ற 45 நாட்களுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கினாலும் சிக்கல்தான்.

அத்தான்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அத்தானும் தன் சேமிப்பை அதே பங்கில் போட்டிருக்கிறார், இன்னும் வைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குள் ஆர்வத்தில் சொன்ன யோசனைக்கு வழக்கு நிற்காது. நிதி ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். நிதி ஆலோசகர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபாயிஸ் குறைதீர்ப்பாளரிடம் போவதும் அப்படிப்பட்டவர்கள் மீதுதான். அவர் ஆள் சேர்த்ததற்குக் கமிஷன் வாங்கியிருந்தாலோ, மற்றவர்களை வாங்கச் சொல்லிவிட்டுத் தன்னுடையதை ரகசியமாக விற்றிருந்தாலோ கதை வேறு. அதற்கு எஃப்.எஸ்.சி.ஏ. என்ற நிதித்துறை ஆணையம் இருக்கிறது. குழுவை நடத்துபவர் யார், அவருக்கு நிறுவனத்தோடு தொடர்பு உண்டா என்று மட்டும் அத்தானிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். பழைய செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

போன் செய்யும் மனிதர்

9 சென்டுக்குச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பங்கை 40 சென்ட் கொடுத்து வாங்க யாருக்கும் காரணம் இல்லை. முதலில் 9,000 ராண்ட் "பாதுகாப்புத் தொகை" கட்டச் சொல்கிறார் என்றால் அது மோசடி. நட்டத்தில் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பதே இந்தக் கூட்டத்தின் வேலை. பங்கு விற்பவர் முன்பணம் கட்டுவது எங்கும் வழக்கம் இல்லை. புரோக்கர் தன் கட்டணத்தை விற்ற தொகையில் இருந்து எடுத்துக்கொள்வார். அடையாள அட்டையின் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே உங்கள் வங்கிக்கும் புரோக்கருக்கும் தெரிவியுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் உங்கள் அடையாள எண்ணைப் பாதுகாப்புக்காக இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கணவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கூட்டுச் சொத்து முறையில் மணமானவர் என்றால், அம்மாவின் உயில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அந்தப் பணத்தில் அவருக்கும் பாதி உண்டு. பட்டியலிட்ட பங்கை விற்கச் சட்டப்படி அவர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் ஐந்து வருடம் தனியாகச் சுமந்துவிட்டீர்கள். கடிதத்தில் மூன்று இடத்தில் "தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்களை ஒரு தாளில் எழுதி, சர்குலரையும் வைத்து, நேராகச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் பணத்தை அழித்துவிட்டேன் என்று உங்களையே வருத்திக்கொள்ள வேண்டாம். ஒரு அபாயமான பங்கில் அளவுக்கு அதிகமாகப் போட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது. போட்டதை மீட்கத்தான் இப்போது ஓய்வூதியம் வரை கை நீள்கிறது, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

உரிமையை விற்பதற்கு நாள் குறைவு. புரோக்கருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். உரிமைகளை விற்க உங்களிடம் கடைசி நாள், கடைசி நேரம் என்ன, குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, நான் எதுவும் சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுநாள் மதியத்துக்குள் பதில் வரவில்லை என்றால் போன் செய்து, யாரிடம் பேசினீர்கள் என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.